பனிக்கு ஒரு கால்

மகனே,

'இங்கு யாவரும் நலம்' என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். யாவரும் என்பதில் இப்போது நான் ஒருத்தன் மட்டும் மிச்சம் இருப்பதால், அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. மழை பிடிப்பதற்குள் லாஹூல் மலைகளுக்குப் போகப் போவதாகவும், பனி ஊர்ந்து வருகிற பள்ளத்தாக்கையும் அதன் அடியில் கிடக்கிற ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பப் போவதாகவும், நானும் கூட வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். 'உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்ப்பா' என்று வழக்கம்போல ஒரு வாலும் இருக்கிறது. அதற்குக் கீழே, வேறு மையில், பிறகு எப்போதோ உட்கார்ந்து எழுதியதுபோல ஒரு வரி: 'அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு நீங்க இன்னும் சொல்லலை.'

இந்த இரண்டையும் நீ முன்பே கேட்டிருக்கிறாய். முதலாவதுக்கு, முழங்கால் வலி, என்னால் முடியாது என்று எழுதினேன். இரண்டாவதுக்கு, அவள் ஒன்றும் சொல்லவில்லை, அமைதியாகப் போய்விட்டாள் என்று எழுதினேன். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. போன மாதம்கூட வெள்ளகவிக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அதே பாதையில் ஏறி வந்தேன். உன் அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் போகவில்லை. ஒரு வார்த்தை சொன்னாள். அது என்ன என்று இந்த இடத்திலேயே எழுதிவிடலாம், ஆனால் வெறும் வார்த்தையாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நீயும் என்னை மாதிரி அவசரக்காரன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

உனக்கு அரை டிராயர் வயது. உன் அம்மா பள்ளிக்கூட விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்து வைக்கிற வேலையில் இருந்தாள். விடுதியைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார அம்மா ஒரு வருஷ முடிவில் பழைய காலண்டர் ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டு தாளில் பதினொன்று உன் பாடப்புத்தகங்களுக்கு அட்டையாகப் போயிற்று. ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அடுப்படிச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டினாள். இரண்டு மொட்டை மலைகளுக்கு நடுவில் வெள்ளையாக, அகலமாக ஏதோ இறங்கி வந்து நிற்கும். அதன் நுனியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஏரி. மரம் கிடையாது, வீடு கிடையாது, ஒரு மாடுகூடக் கிடையாது. அந்த அம்மா லாஹூலில் கொஞ்ச காலம் ஊழியம் செய்தவராம். அந்த வெள்ளை ஆறு மொத்தமும் பனிதான், அது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் உன் அம்மா அதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன்.

"பனியா? நாம பாக்காத பனியா? தை மாசம் வெள்ளனே ஏரிக்கரைக்கு வா, காட்டுறேன்" என்றேன்.

அவள் அதை விடவில்லை. அந்தத் தை மாதத்தில் ஒரு விடிகாலை, ஏரிக்கரைப் புல்லில் உப்புப் பூத்த மாதிரி உறைந்து கிடந்த பனியை எனாமல் தட்டில் சுரண்டிக் கொண்டுவந்து என் படுக்கைப் பக்கத்தில் வைத்தாள். "என்னங்க, இது குட்டி. நான் கேக்கிறது இதோட தாயை" என்றாள். நான் எழுந்து உட்காருவதற்குள் தட்டில் இருந்தது தண்ணீராகிவிட்டது. "நம்ம ஏரி ஆளுக வச்சுக் கரை கட்டுனது. அது தானா வந்து நிக்குது. ரெண்டையும் பாத்தவ இந்த ஊர்ல ஒருத்தியாச்சும் இருக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அதிலிருந்து எங்களுக்கு அந்தப் பயணம் ஒரு வேலையாகிவிட்டது.

மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச எவ்வளவோ இருக்கும். எங்களுக்குச் சோறு பரிமாறும் நேரத்தில் பேச்செல்லாம் அந்தப் பயணம்தான். கொடை ரோட்டில் ரயில் ஏறுவது, மதராஸில் மாறுவது, டில்லியில் எந்தச் சத்திரம், பதான்கோட்டிலிருந்து எத்தனை பஸ், கணவாய் தாண்டும்போது கோவேறு கழுதையில் அவளா மூட்டையா என்று எல்லாவற்றையும் பேசி முடித்து, மறுநாள் மாற்றிப் பேசுவோம். பருப்புப் பொடி கெடாது, புளிக்காய்ச்சல் குளிரில் உறைந்துபோகும் என்று அவளுக்கு ஒரு கவலை. உடம்பைப் பழக்க வேண்டும் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை வெள்ளகவிப் பாதையில் இறக்கி ஏற்றுவாள். மார்கழியில் கம்பளி இல்லாமல் படுத்துப் பார்த்து, ஒரு வாரம் தும்மிக்கொண்டு கிடந்தாள். போவோம் என்று நான் நம்பினேனா என்று கேட்காதே. பேசிக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அவளுக்கு அது போதவில்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. பெண்டாட்டி ஒரு விஷயத்தை ஆசையாகச் சொன்னால் அது ஆசைதானா, பொழுதுபோக்கா என்று ஒரு தடவையாவது நிறுத்திக் கேள். உனக்கும் கல்யாணம் ஆகும்.

என் தொழிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவனின் மகன் நீ, உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நினைவூட்டுகிறேன். 'பா' என்பது உனக்கு ஒரு எழுத்து, எனக்கு இரண்டு. அச்செழுத்துப் பெட்டியில் 'ப' ஒரு குழியில் கிடக்கும், கால் இன்னொரு குழியில் கிடக்கும். இரண்டையும் எடுத்துச் சேர்த்தால்தான் 'பா'. எனக்கு அந்தக் காலை எடுக்க மறப்பது ஒரு வியாதி. கவுஞ்சியிலிருந்து வந்து கடை போட்டவருக்கு நான் அடித்துக் கொடுத்த நோட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? 'இங்கு சுத்தமான பசும்பல் கிடைக்கும்.' ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தங்கள் பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். உன் அம்மா அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எங்க போனாலும் காலை விட்டுட்டு வர்றதே சோலி" என்றாள். நீ தரையில் புரண்டு சிரித்தாய்.

நீ மதுரைக்குக் கல்லூரி படிக்கப் போன பிறகு அவள் இந்தி படிக்க ஆரம்பித்தாள். அங்கே போனால் பேச வேண்டுமே என்றுதான். பஜார் பக்கம் குடியிருந்த ஒரு வாத்தியாரம்மாவிடம் வேலை முடிந்து போய் உட்காருவாள். பனிக்கு இந்தியில் 'பர்ஃப்' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். "வாயில வச்சா ஒட்டவே மாட்டேங்குது. இதையா அவ்வளவு தூரம் போய்ப் பாக்கிறது?" என்று அலுத்துக்கொண்டாள். தண்ணீருக்குப் 'பானி' என்று தெரிந்த அன்று அவள் வீடு திரும்பிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையைக்கூடக் கழுவாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னங்க, பனிக்கு ஒரு கால் போட்டா என்ன?"

"பானி."

"பனிக்குக் கால் முளைச்சு நடந்தா தண்ணிதானே? அந்த வெள்ளைக்காரம்மா சொன்னது சரிதாங்க. அவுங்க வார்த்தையும் சரி, நம்ம வார்த்தையும் சரி."

நான் இத்தனை வருஷம் எழுத்துக் கோத்திருக்கிறேன். அந்தக் காலை அப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

இனி வருவது உனக்கு வலிக்கும். அறுபத்தைந்து தை மாதம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரியை மூடிவிட்டார்கள் என்று நீ மதுரையிலிருந்து வந்து நின்றாய். தோளில் தடியடி பட்ட வீக்கம். சட்டையைக் கழற்றவே உனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் காலையில் நீ எழுந்து வந்தபோது அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், 'முஜே பானி சாஹியே' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நீ புத்தகத்தைப் பிடுங்கினாய்.

"பிள்ளைக அடிபட்டுக் கெடக்கு, நீங்க அடுப்படியில உக்காந்து இதைப் படிக்கிறீங்களாம்மா?"

"ஏலே, நான் யாரையும் ஆளவா போறேன்? அங்க போனா தாகத்துக்குத் தண்ணி கேக்கணும்ல."

நீ அதை அடுப்பில் போட்டாய். அவள் கையை நீட்டவில்லை. அட்டை சுருண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அந்தத் தோள் வீக்கத்தோடு நின்ற பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? நீ வெளியே போன பிறகு அவள் என்னிடம் சொன்னதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை: "அவன் எரிச்சது புஸ்தகத்தைங்க. என்னை இல்லை. விடுங்க, ஒரு வார்த்தை மனப்பாடம் ஆயிருச்சு, அது போதும்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பண்ணிய கூத்து உனக்குத் தெரியாது. நீ படிப்பு முடித்து டேராடூனில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது. சாப்பிடும்போது விக்கினால் 'பானி'. ஏரிக்கரையில் நடந்து களைத்தால் 'பானி'. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். 'கால் இருக்கா?' என்று நான் கேட்க வேண்டும், 'இருக்கு' என்று அவள் சொல்ல வேண்டும், அப்புறம்தான் செம்பை எடுத்து நீட்டுவேன். அந்த ஊர்க் கடையில் நீயும் 'பானி' என்று கேட்டுத் தண்ணீர் குடித்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைப் பால்காரரிடம்கூடப் படித்துக் காட்டினாள். உன்னை வம்புக்கு இழுக்க ஒரு நல்ல சாக்குக் கிடைத்ததே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். நீ லீவில் வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்திருந்தாள்.

அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனம், இந்த உயரம் ஆகாது, பெரியகுளத்துக்கு இறங்கிவிடுங்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் சிரித்தாள். "இந்த ஒசரமே ஆகாதாமே. அந்த ஏரிக்கரையில என்னைப் பாத்தா அந்த டாக்டர் என்ன சொல்லுவாரு?" என்றாள். வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். போக முடியாது என்பது அன்றே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் திட்டம் நிற்கவில்லை. "நான் கடைசி ஊர்லயே உக்காந்துக்கிறேன். நீங்க வெரசாப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று மாற்றினாள். முதலில் நடை போயிற்று, பிறகு கழுதை போயிற்று, கணவாய் போயிற்று. கடைசியில் டில்லி வரைக்கும் போதும் என்றாள். உனக்கு எழுத வேண்டாம் என்று தடுத்ததும் அவள்தான். கீழே இறங்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். அவள் பேச்சைக் கேட்டது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள். சாப்பாட்டுக்கு வந்தவன் அச்சாபீஸுக்குத் திரும்பவில்லை, அவள் முகம் சரியாக இல்லை. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டமாக மஞ்சு கிளம்பி ஜன்னல் வழியாக உள்ளே வருமே, அன்றும் வந்தது. அறையே வெளுத்துப்போயிற்று. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் மெலிசாக வந்தது.

"பனி."

"ஆமா, பனிதான். இந்தா சாத்துறேன்" என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். திரும்பவும் அதையே சொன்னாள். "இரு, நெருப்புக் கொண்டாறேன்" என்று அடுப்படிக்குப் போய், கரி அள்ளிப் போட்டு, கணப்புச் சட்டியை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலண்டர் படத்துக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். நெருப்புக் கனிந்து நான் சட்டியோடு வந்தபோது கம்பளி பாதி கீழே கிடந்தது. அவளுடைய வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. கை நீண்ட திசையில் முக்காலி, முக்காலியில் தண்ணீர்க் கூஜா. விரல் அதைத் தொடவில்லை.

அந்தக் காலை இழுக்க அவளுக்கு மூச்சு இல்லை, தம்பி. அவ்வளவுதான் நடந்தது. அவள் 'பானி' என்றாள், எனக்குப் 'பனி' என்று விழுந்தது. ஒரு டம்ளர் தண்ணீரால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தாகத்தோடு போனாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு டம்ளரில் ஊற்றி உதட்டில் வைத்தேன். உள்ளே இறங்காமல் தலையணையில் வழிந்தது. பரிகாசமாகக் கேட்ட வார்த்தை அது. கேட்டுவிட்டு, நான் 'கால் இருக்கா' என்று கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்திருக்கிறாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நீ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மண் ஈரமாக இருந்தது, நீ அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாய். நான் ஒன்றும் இல்லை என்றேன். சொன்னால், புத்தகத்தில் இருந்த மற்ற வார்த்தைகளையெல்லாம் எரித்தவன் நான்தானே என்று நீ உன்னையே தின்பாய் என்று பயந்தேன். உனக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். பாதி உனக்காக. மீதி, நீ என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாயோ என்பதற்காக. ஊருக்குத் திரும்பும்போது நீ அடுப்படிச் சுவரிலிருந்து அந்தப் படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனாய். நான் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடத்தில் சுவர் இன்னும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருக்கிறது, நான் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

எதற்காக இந்த மலைக்குப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அந்தப் புத்தகத்துக்காகப் போகிறாய் என்றால், அவளுக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை என்பதை என் வார்த்தையாக எடுத்துக்கொள். நீ எரித்த பிறகுதான் அந்த வார்த்தை இந்த வீட்டு வார்த்தையாயிற்று. அதில் அவள் சிரித்த சிரிப்பெல்லாம் உன் கணக்கில்தான் சேரும். மிச்சம் என் கணக்கு.

நேற்று மறுபடியும் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்ப்பா.' இதை இத்தனை நாளும் மரியாதைக்கு எழுதிய வரி என்று படித்துவிட்டு, முழங்காலைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவும் இப்படித்தான், வேண்டும் என்பதை வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். மூன்று கடிதமாக ஒரே விஷயத்தை ஒருத்தன் கேட்கிறான் என்றால் அவனுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை சரியாகக் காதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் வருகிறேன். அச்சாபீஸில் சொல்லிவிட்டேன். பருப்புப் பொடி கொண்டுவருகிறேன், புளிக்காய்ச்சல் வேண்டாம், உறைந்துபோகும்.

வழியைப் பற்றி நான் உனக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் போட்ட வழி. ஒன்றே ஒன்று மட்டும். அங்கே உயரத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், பேச்சு குழறும், எனக்கும் குழறலாம். கூட வருகிற யாராவது 'பனி' என்று சொன்னால், முதலில் தண்ணீர் எடுத்துக் கொடு. போர்த்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அப்பா